மல்லாட்டைப் புண்ணாக்கிலிருந்து மக்கும் உணவு உறை: வீட்டிலேயே செய்து பார்க்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வேலூர்ப் பக்கம் வேர்க்கடலை என்று வாயில் வருவது குறைவு, மல்லாட்டை தான். மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. குடியாத்தம் பக்கத்தில் என் மாமா மரச்செக்கு வைத்திருக்கிறார். எண்ணெய்க்கு வரிசையில் நிற்பவர்கள் யாரும் ஓரத்தில் குவிந்திருக்கும் புண்ணாக்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அது மாட்டுக்குப் போகும். ஆனால் எண்ணெய் போன பிறகு மிஞ்சும் அந்தக் கட்டியில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து, கண்ணாடித்தாள் போல மெல்லிய ஏடாக வார்த்து, அதில் உணவுப் பொருளைச் சுற்றலாம் என்பதுதான் விஷயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாந்தேன் என்று சொல்லக்கூடாது. இது பிளாஸ்டிக் பைக்கு மாற்று இல்லை. சாம்பார் கட்ட முடியாது, இட்லி கட்ட முடியாது (அதற்கு வாழை இலையை மிஞ்சிய உறை இன்னும் பிறக்கவில்லை), மழையில் நனைந்தால் கொழகொழவென்று ஆகிவிடும். எண்ணெயையும் காற்றையும் நன்றாகத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. ஆகவே எண்ணெய்ப்பசை உள்ள, ஈரம் இல்லாத பொருளுக்கு உள் உறையாக மட்டும் நினைத்துக்கொண்டு ஆரம்பித்தால் ஏமாற்றம் இருக்காது.

ஏடு எப்படி உருவாகிறது

பாலைக் காய்ச்சி வைத்தால் மேலே ஆடை படிகிறதே, அதே சங்கதிதான். ஜப்பானில் சோயாப் பாலைச் சூடாக்கி, மேலே படியும் ஆடையைக் குச்சியால் தூக்கிக் காயவைத்து யுபா என்று விற்கிறார்கள். தாவரப் புரத ஏட்டுக்கு அதுவே ஆதி உதாரணம். புரத மூலக்கூறு சுருட்டி வைத்த நூல்கண்டு மாதிரி. சூடு பட்டால் கண்டு அவிழும், அவிழ்ந்த நூல்கள் பக்கத்து நூல்களோடு பின்னிக்கொள்ளும், தண்ணீர் ஆவியாகப் போகப் போக அந்தப் பின்னல் இறுகி ஏடாகிவிடும். பின்னலில் மிக வலுவான முடிச்சு கந்தக அணுக்கள் இரண்டு கைகோர்ப்பது, நம் தலைமுடிக்கு உறுதி தருவதும் இதே முடிச்சுதான்.

இங்கேதான் மல்லாட்டைக்கு ஒரு குறை. கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் அதில் குறைவு. அதனால் வெறும் மல்லாட்டை ஏடு கொஞ்சம் சவசவவென்று இருக்கும், தண்ணீரில் போட்டால் சீக்கிரம் ஊறிப் பிய்ந்துவிடும். இதற்கு மருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது என்பது எனக்குப் புரியவே சில மாதம் ஆனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கம் முழுக்கத் தோல் பதனிடும் ஊர்கள். தோல் என்பதும் புரதம்தான். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டுப் பதனிட்டார்களே, அதில் நடப்பது என்ன? அவற்றிலுள்ள துவர்ப்புச் சத்தான டானின் புரத நூல்களை ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. தோலுக்குச் செய்வதை ஏட்டுக்கும் செய்தால் என்ன? செய்யலாம், வேலை செய்கிறது. குரோமியம் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், அது உணவுக்கு ஆகாது. தோல் பதனிடும் கழிவால் பாலாறு என்ன ஆனது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் வருடத் தீர்ப்பே சாட்சி. அந்த வழக்கைப் போட்டதே வேலூர்க் குடிமக்கள் நல மன்றம்தான்.

என்னென்ன வேண்டும்

மல்லாட்டைப் புண்ணாக்கு 200 கிராம், அப்பளக்காரம், சிட்ரிக் அமிலம் (எலுமிச்சை உப்பு என்று கேட்டால் மளிகைக் கடையில் கிடைக்கும்), மருந்துக் கடைக் கிளிசரின், கடுக்காய்த் தோல், நல்ல தண்ணீர். கருவி என்று பார்த்தால் ஒரு கிராம் வரை காட்டும் தராசு (பத்தில் ஒரு கிராம் காட்டினால் இன்னும் நல்லது), சமையலறை வெப்பமானி, பேனா மாதிரி இருக்கும் பி.எச். மீட்டர் (கரைசல் புளிப்பா காரமா என்று அளப்பது, 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) அல்லது குறைந்தபட்சம் பி.எச். தாள், எவர்சில்வர் பாத்திரங்கள், பழைய வெள்ளை வேட்டித் துணி, தட்டையான அக்ரிலிக் தட்டு, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம்.

பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அலுமினியத்தைக் காரம் அரிக்கும். இரும்பு அதைவிட மோசம். நான் முதல் தடவை கடுக்காயை இரும்பு வாணலியில் கொதிக்கவைத்தேன், கண்ணெதிரே கருகருவென்று மை ஆகிவிட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது, அந்தக் காலத்தில் எழுத மை காய்ச்சியதே கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துத்தானே.

அப்பளக்காரமும் கடுக்காயும் நாட்டு மருந்துக் கடையில் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். கடுக்காயில் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் எடுங்கள். கல்லூரி ஆய்வகம் கையில் இருப்பவர்கள் அப்பளக்காரத்துக்குப் பதில் காஸ்டிக் சோடாவை 100 மில்லி தண்ணீருக்கு 4 கிராம் என்று கரைத்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் பயன்படுத்தலாம், நுரை வராது, அளவு துல்லியமாக நிற்கும். ஆனால் அது கண்ணையும் தோலையும் பொசுக்கும் பொருள், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது, குழந்தைகள் நடமாடும் சமையலறைக்கு வேண்டவே வேண்டாம்.

புண்ணாக்கைத் தேர்ந்தெடுப்பது

பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். மாட்டுத் தீவனமாக மூட்டையில் விற்கும் புண்ணாக்கை வாங்கக்கூடாது. அதில் மண், தோடு, எத்தனை நாள் பழசு என்று எதுவும் தெரியாது. முக்கியமான பயம் அஃப்ளாடாக்சின். ஈரம் பட்ட மல்லாட்டையில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வெளியிடும் நஞ்சு அது, ஈரலைக் கெடுக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே பருப்பை நீங்களே வாங்கி, சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் வாடை அடிப்பது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறிந்துவிட்டு, செக்குக்காரரிடம் கொடுத்து ஆட்டி வாங்குங்கள். விற்பனைக்குச் செய்வதென்றால் கையால் பொறுக்கியது போதாது, ஆய்வகத்தில் அஃப்ளாடாக்சின் சோதனை செய்தே ஆகவேண்டும்.

எக்ஸ்பெல்லர் புண்ணாக்கா, செக்குப் புண்ணாக்கா? எக்ஸ்பெல்லர் என்ற பிழியும் இயந்திரத்தில் எண்ணெய் நன்றாகப் பிழிந்துவிடும், ஆனால் சூடு அதிகம், புரதம் அங்கேயே பாதி வெந்து தண்ணீரில் கரைய மறுக்கும். மரச்செக்கில் சூடு குறைவு, புரதம் அழகாகக் கரையும், ஆனால் எண்ணெய் கூடுதலாக மிஞ்சும். நான் செக்கைத்தான் தேர்ந்தெடுப்பேன், எண்ணெயைப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம், வெந்த புரதத்தைத் திரும்பப் பச்சையாக்க முடியாது. தொழிற்சாலைகளில் ஹெக்சேன் ஊற்றி எண்ணெயைக் கழுவுவார்கள். வீட்டில் அதை முயற்சி செய்யாதீர்கள், அது ஆவியாகிப் பரவி எங்கோ இருக்கும் அடுப்பிலிருந்தும் குபீரென்று பற்றிக்கொள்ளும்.

ஆட்டுவதற்கு முன் பருப்பின் சிவப்புத் தோலை லேசாக வறுத்து உதிர்த்துவிட்டால் ஏடு வெளிர் நிறமாக வரும். லேசாக என்றால் கை பொறுக்கும் சூடு, வாசனை வரும் அளவுக்கு வறுத்தால் புரதம் கெட்டது. கடுக்காய் சேர்த்த பின் எப்படியும் பழுப்பாகத்தான் போகிறது, ஆகவே நிறத்துக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம் என்பது என் கட்சி.

புரதத்தைக் கரைப்பது

புண்ணாக்கை மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டிப் பொடியாக்குங்கள், ஒரேயடியாக ஓட்டினால் சூடாகி எண்ணெய் கசிந்து களியாகிவிடும். 200 கிராம் பொடிக்கு 2 லிட்டர் தண்ணீர். கலக்கிவிட்டு அப்பளக்காரத்தைக் கால் ஸ்பூன் கால் ஸ்பூனாகப் போட்டு பி.எச். 8.5 முதல் 9 வரை கொண்டுவாருங்கள். சமையல் சோடா மட்டும் இருந்தால் 8.3க்கு மேல் ஏறாது, அதிலும் புரதம் கரையும், கொஞ்சம் குறைவாகக் கரையும். அப்பளக்காரம் கடைக்குக் கடை வேறுபடும், ஆகவே ஸ்பூன் கணக்கை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். 10ஐத் தாண்டவே கூடாது. கடுங்காரமும் சூடும் சேர்ந்தால் புரதத்தின் லைசின் சத்து கெட்டு வேண்டாத சேர்மங்கள் உருவாகும்.

ஒரு மணி நேரம் அவ்வப்போது கிளறிவிட்டு வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள், தேங்காய்ப்பால் பிழிவது போல. சக்கையில் இன்னும் ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு இரண்டாம் பால் எடுங்கள். சக்கை மாட்டுக்கு. பாலை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் மீதி எண்ணெய் மேலே ஏடுகட்டி நிற்கும், கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். இந்த ஒரு வேலையைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிட்டால் ஏடு இரண்டு வாரத்தில் காறல் வாடை அடிக்க ஆரம்பிக்கும்.

இப்படிப் புண்ணாக்கிலிருந்து புரதம் பிரிப்பது ஒன்றும் புதிய யோசனை இல்லை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் மல்லாட்டைப் புரதத்தைப் பிரித்துப் பாலோடு கலந்து மில்டோன் என்ற பானத்தை எப்போதோ உருவாக்கியது. அவர்கள் குடிக்கச் செய்ததை நாம் சுற்றச் செய்கிறோம்.

திரிய வைப்பது

சிட்ரிக் அமிலம் 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, புரதப் பாலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். பி.எச். 4.5க்கு வந்ததும் பால் திரிந்தது போலப் புரதம் கட்டி கட்டியாகப் பிரியும். அந்தப் புள்ளியில் மல்லாட்டைப் புரதத்தின் மேல் இருக்கும் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. காரமும் அமிலமும் சேரும்போது கரியமில வாயு பொங்கும், பாத்திரம் பாதிக்கு மேல் நிறைந்திருக்கக் கூடாது. எனக்கு ஒரு தடவை அடுப்பு மேடை முழுக்க நுரை வழிந்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத் தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் படிந்ததை நல்ல தண்ணீரில் துளி சிட்ரிக் அமிலம் சேர்த்து இரண்டு முறை கழுவுங்கள். கழுவாவிட்டால் உப்பு தங்கிவிடும், ஏடு காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். பிறகு துணியில் கட்டித் தொங்கவிடுங்கள், பன்னீருக்குத் தொங்கவிடுவது மாதிரி.

கிடைத்த கட்டியைக் காயவைக்க வேண்டாம், ஈரமாகவே பயன்படுத்துங்கள், அன்றே அல்லது மறுநாளே. ஆனால் அதில் எவ்வளவு திடம் என்று தெரிய வேண்டும். 10 கிராம் எடுத்துத் தட்டில் பரப்பி, எடை குறையாமல் நிற்கும் வரை காயவைத்து நிறுத்துப் பாருங்கள். 2.4 கிராம் வந்தால் நூற்றுக்கு 24 திடம். 200 கிராம் செக்குப் புண்ணாக்கில் காய்ந்த கணக்கில் 40 கிராம் வாக்கில் புரதம் வந்தால் நன்றாகவே செய்திருக்கிறீர்கள்.

ஏட்டுக் கரைசல்

300 மில்லி கரைசலுக்குக் கணக்குச் சொல்கிறேன். தேவை 15 கிராம் காய்ந்த புரதம், கட்டியில் நூற்றுக்கு 24 திடம் என்றால் 62 கிராம் ஈரக் கட்டி. அதைக் கொஞ்சம் தண்ணீரோடு மிக்சியில் ஒரு சுற்று விட்டு, மொத்தம் 280 மில்லி வரும்படி தண்ணீர் சேர்த்து, அப்பளக்காரத்தால் பி.எச். 9க்குக் கொண்டுவாருங்கள். வெள்ளைக் கட்டி கரைந்து பால் காபி நிறத்தில் வழவழப்பாகும். திட்டுத்திட்டாக இருந்தால் பொறுங்கள், அரை மணி நேரம் கொடுங்கள், அவசரப்பட்டுக் காரத்தை ஏற்றாதீர்கள்.

பாத்திரத்தை இன்னொரு பெரிய பாத்திரத்து வெந்நீரில் வைத்து 75 டிகிரியில் அரை மணி நேரம். நேரடித் தீ கூடாது, அடியில் ஒட்டி வெந்துவிடும். மெதுவாகக் கிளற வேண்டும், அடித்தால் நுரை வரும், நுரை ஏட்டில் ஓட்டையாகும். அடுப்பை அணைத்ததும் கிளிசரின் 6 கிராம், அதாவது 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு. புரதத்தின் எடையில் நூற்றுக்கு 40 பங்கு. கிளிசரின் இல்லாவிட்டால் ஏடு அப்பளம் போல நொறுங்கும், புரத நூல்களுக்கு நடுவே புகுந்து வழுக்கிக்கொடுப்பது அதுதான். கூடிப்போனால் ஈ ஒட்டும் தாள் மாதிரி ஆகிவிடும். நம் ஊர்க் கோடைக்கு 40 பங்கு சரி, ஐப்பசி கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் 30 பங்கே போதும்.

பதனிடுதல்

கடுக்காய்த் தோல் 10 கிராமை இடித்து, 100 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, வற்றிய அளவுக்குத் தண்ணீர் சேர்த்து மீண்டும் 100 மில்லி ஆக்கி வடிகட்டிக்கொள்ளுங்கள். கடுக்காய்த் தோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின், ஆகவே ஒரு மில்லி கஷாயத்தில் 0.03 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 15 கிராம் புரதத்துக்கு 15 மில்லி கஷாயத்தில் தொடங்குங்கள், 24 மில்லிக்கு மேல் போகாதீர்கள்.

ஏட்டுக் கரைசல் 50 டிகிரிக்கு ஆறிய பிறகு கஷாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறுங்கள். கடகடவென்று ஊற்றினால் விழுந்த இடத்திலேயே புரதம் கட்டிதட்டிப் போகும், அதை மீட்க வழியில்லை, நான் முயன்று பார்த்துத் தோற்றவன். கஷாயம் புளிப்பு என்பதால் பி.எச். இறங்கும், மறுபடி 9க்கு ஏற்றுங்கள். பிறகு மூடாமல் இருபது நிமிடம் கிளறுங்கள். காரக் கரைசலில் காற்றுப் பட்டால்தான் டானின் மாற்றமடைந்து புரதத்தோடு நிரந்தரமாகப் பிணையும், வெறும் ஒட்டலாக நிற்காது. நிறம் கருப்பட்டிக் காபிக்கு மாறுவதே அடையாளம்.

பதனிட்டதற்கும் பதனிடாததற்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் இரண்டிலும் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சாதா ஏடு ஊறிக் கூழாகும். பதனிட்டது ஊறும், ஆனால் துண்டாகவே நிற்கும், கையில் எடுக்கலாம். அளவு கூடினால் ஏடு விறைத்து மடித்த இடத்தில் விரிசல் விடும், கொஞ்சம் துவர்ப்பும் பொருளில் ஏறும்.

வார்ப்பது, காயவைப்பது

கரைசலை மெல்லிய துணியில் வடிகட்டி ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள், குமிழிகள் மேலே வந்து உடையும். தட்டை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள், ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் ஒரு பக்கம் தோல் மாதிரியும் மறுபக்கம் வெங்காயச் சருகு மாதிரியும் வரும். 20க்கு 25 சென்டிமீட்டர் தட்டு என்றால் 500 சதுர சென்டிமீட்டர், அதற்கு 70 மில்லி ஊற்றுங்கள். 100 மில்லியில் 5 கிராம் புரதமும் 2 கிராம் கிளிசரினும் ஆக 7 கிராம் திடம், அப்படியென்றால் தட்டில் விழுவது 4.9 கிராம், காய்ந்த பின் சுமார் 75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 75 பங்கு) தடிமன். 300 மில்லிக்கு நான்கு தட்டு ஆகும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எந்தத் தட்டுக்கும் நீங்களே அளவு போட்டுக்கொள்ளலாம்.

காயவைக்க நம் ஊர் வெயிலை விட்டால் வேறென்ன என்று மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நேரடி வெயிலில் மேல்புறம் முதலில் இறுகி, அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு, ஏடு சுருண்டு வெடிக்கும். நிழலான அறை, 35 முதல் 40 டிகிரி, கொசுவலை போட்டு மூடி, மின்விசிறி நேராகப் படாமல். சித்திரை வைகாசியில் ஒரு நாளில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் இழுத்தால் பூசணம் பிடிக்கும், அப்போது அடுப்பைச் சூடாக்கி அணைத்த அறையோ பல்பு எரியும் மூடிய பெட்டியோ வேண்டும்.

ஓரம் தானாகத் தூக்கிக்கொள்ளும்போது உரிக்கலாம். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் காற்று வறண்டு கிடப்பதால் ஏடும் அளவுக்கு மீறி வறண்டு உரிக்கும்போது கண்ணாடி போல உடையும். அதற்கு ஒரு வழி: மூடி போட்ட பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் கரையாமல் அடியில் உப்பு மிஞ்சும்படி உப்புக் கரைசல் வைத்து, தட்டையும் அதற்குள் நான்கு மணி நேரம் வையுங்கள். அப்படிப்பட்ட உப்புக் கரைசல் மூடிய பெட்டிக் காற்றின் ஈரப்பதத்தை எப்போதும் 75 சதவீதத்தில் நிறுத்தும். ஏடு கொஞ்சம் ஈரம் குடித்து இளகும், அப்புறம் வாழைப்பூ மடல் உரிவது போல அலுங்காமல் உரிந்து வரும்.

ஒட்டுவது, சோதிப்பது

உறையாக்க ஓரத்தில் அதே கரைசலைத் தூரிகையால் லேசாகத் தடவி, மடித்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிளாஸ்டிக் கவர் ஒட்டும் சூட்டு இயந்திரத்தில் வைத்தால் சில நேரம் ஒட்டும், பல நேரம் கருகும்.

சோதனைகளில் மூன்று போதும். எண்ணெய்ச் சோதனைக்கு ஏட்டின் மேல் பத்துச் சொட்டு எண்ணெய் விட்டு அடியில் டிஷ்யூ தாள் வையுங்கள், மறுநாளும் தாளில் கறை இல்லையென்றால் ஓட்டை இல்லை. ஈரச் சோதனைக்கு மூன்று டம்ளரில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லைச் சமமாகப் போட்டு, ஒன்றைத் திறந்தும், ஒன்றை ஏட்டால் கட்டியும், ஒன்றை பாலித்தீனால் கட்டியும் வைத்துத் தினமும் நிறுத்துப் பாருங்கள், ஏடு கட்டியதும் நாளுக்கு நாள் எடை கூடும், பாலித்தீன் அசையாது. மனசு கொஞ்சம் உடையும், ஆனால் இதைப் பார்க்காமல் கடைக்காரரிடம் போய் வாக்குக் கொடுக்கக் கூடாது. மூன்றாவது மக்கும் சோதனை. ஒரு துண்டை வலைப்பையில் போட்டு ஈரமான மண்புழு உரத்தில் ஒரு விரல் ஆழத்தில் புதைத்து வாரம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எனக்கு மூன்றாவது வாரம் வலையில் துணுக்குகள்தான் மிஞ்சின, கடுக்காய் சேர்த்தது சேர்க்காததைவிட மெதுவாகத்தான் மக்கியது.

எதைச் சுற்றலாம்

மல்லாட்டை சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைத் தரும். பிரித்தெடுத்த புரதம் என்பது அந்த ஒவ்வாமையின் சாரம். ஆகவே என் பிடிவாதமான கருத்து, மல்லாட்டை ஏட்டில் மல்லாட்டைப் பண்டத்தை மட்டுமே சுற்ற வேண்டும். கடலை மிட்டாய், மல்லாட்டை உருண்டை, வறுத்த பருப்பு, மல்லாட்டைப் பொடி. அதைச் சாப்பிடுபவர் ஏற்கெனவே மல்லாட்டை என்று தெரிந்துதான் வாங்குகிறார். மக்கன் பேடாவையோ பிஸ்கட்டையோ இதில் சுற்றி விற்றால், தெரியாத ஒருவருக்கு அது விபத்து. வேறு பண்டத்துக்கு வேறு புரதம் பாருங்கள். மைதாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவினால் மிஞ்சும் குளுட்டன் நன்றாக இழுபடும் ஏடு தரும், கோதுமைப் பண்டத்துக்கு அது. மக்காச்சோளப் புரதமான ஸெயின் தண்ணீரில் கரையாது, 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலில்தான் கரையும், அதனால் ஈரத்தைக் கொஞ்சம் நன்றாகவே தாங்கும், ஆனால் வீட்டு வேலை இல்லை.

கடலை மிட்டாயின் வெல்லம் ஈரத்தை இழுக்கும் என்பதால் ஏடு சுற்றிய மிட்டாய்களை இறுக மூடும் கண்ணாடி ஜாடியிலோ டின்னிலோ வைக்கத்தான் வேண்டும். இங்கே ஏட்டின் வேலை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிப்பது, எண்ணெய் கசியாமல் பார்ப்பது, காற்றைத் தடுத்துக் காறல் வராமல் தள்ளிப்போடுவது. பெட்டிக்கடையில் இப்போது இந்த வேலையைச் செய்வது சின்னச் சின்ன பிளாஸ்டிக் தாள்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருந்தாலும், மிட்டாய் சுற்றும் தாள்கள் தெருவில் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

காசுக்கு விற்க நினைத்தால் உணவோடு தொடும் உறைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் உண்டு, ஒவ்வாமைப் பொருளை உறையில் அச்சிட்டே ஆகவேண்டும், நாட்டு மருந்துக் கடைக் காரத்துக்குப் பதில் உணவுத்தரச் சான்றுள்ள பொருளுக்கு மாறவேண்டும். மக்கும் பிளாஸ்டிக் என்று பெயர் போட்டு விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் கேட்பார்கள், நம்முடையது அந்த வகையில் வருமா என்பதை முதலிலேயே அவர்களிடம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாகச் சேமிப்பு. செய்த ஏடுகளை நடுவில் காகிதம் வைத்து அடுக்கி, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். நான் ஆறு தட்டு ஏட்டை அட்டைப் பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டு இரண்டு நாள் திருப்பத்தூருக்குப் போய்வந்தேன். வந்து பார்த்தால் பெட்டியின் மூலையில் ஒரு ஓட்டை, உள்ளே காகிதங்கள் அப்படியே இருக்கின்றன, ஏடு ஒன்றுகூட இல்லை. எலி, எல்லாவற்றையும் தின்றிருக்கிறது, காகிதத்தை மட்டும் தொடவில்லை.